முப்பதில் வைக்க மறந்த கேமரா

போன மாதம் தோணிரேவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டிக் கையை எடுத்த மறுநொடியே, படம் எடுக்க வந்திருந்த செல்வம் என்பவர் தன் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "அண்ணாத்த, ஒரு தபா கைய அப்படியே வெச்சிக் காட்டு. பொண்ணு மூஞ்சி மறைஞ்சிடுச்சி" என்றார். மாப்பிள்ளை மறுபடி கையை வைத்தான். பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. நான் பந்தியில் உட்காராமல் எழுந்து பழவேற்காட்டுக்கு வந்துவிட்டேன். "கல்யாணச் சோத்த விட்டுட்டு வர்ற ஆளா நீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அடுத்த வாரம் அதே செல்வம் வீடு தேடி வந்துவிட்டார். "பாய், நீங்க மிலிட்டரில இருக்கச் சொல்லவே கேமரா வெச்சிருந்தீங்களாமே. ஃபிலிம் கேமராவாமே. சொல்லுங்களேன், கேக்கலாம்" என்று போனை என் முன்னால் நீட்டிப் பதிவு செய்ய ஆரம்பித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. கேமராவை வாங்கிய கதை, அதன் கனம், அதன் சத்தம் என்று ஒரு மணி நேரம் அளந்து விட்டேன். ஆனால் ஓர் இடம் வந்ததும், "அவ்ளோதாங்க. போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். அந்த இடத்துக்கு அப்புறம் நடந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன். முன்கதை இல்லாமல் அது புரியாது என்பதால் அதுவும் கொஞ்சம் வரும்.

நான் பழவேற்காடு கடைத்தெருக்காரன். பெயர் காதர். பத்தாவது முடித்து, கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் ராணுவத்தில் கிளார்க் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், தவழ்ந்தோம், திட்டு வாங்கினோம், டைப் அடித்தோம். அதன்பின் பாலம் கட்டும் ஒரு படைப்பிரிவில் போட்டார்கள். ஆறு குறுக்கே வந்தால் மிதவைகளை இணைத்து வண்டிகள் போகப் பாலம் போடுவது அவர்கள் வேலை. யாருக்கு எப்போது லீவு, யாருக்கு எந்தப் பிள்ளை பிறந்தது என்று எழுதி வைப்பது என் வேலை.

அதே பிரிவில்தான் கன்னியப்பன் இருந்தான். தோணிரேவுக்காரன், மீன்பிடிக் குடும்பம். ஏரியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் மிதவைப் படகு அவனிடம் சொன்ன பேச்சைக் கேட்கும். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "டேய், நீ நம்ம ஊரு பாயாடா?" என்று கட்டிப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் எனக்கு இருந்த ஒரே ஊர் அவன்தான்.

கேமராவுக்கு வருகிறேன். எங்கள் பிரிவின் டாக்டர் கேப்டன் ஒருவர் மாற்றலாகிப் போனபோது, தன் ரஷ்யக் கேமராவை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதுவரை நான் வைத்திருந்தது ஒரு டப்பாக் கேமரா. பொத்தானை அழுத்துவதைத் தவிர அதில் செய்ய எதுவும் கிடையாது. இது அப்படியல்ல. இரும்புத் துண்டு போலக் கனம். உள்ளே கண்ணாடி மேலே எழும்பி இறங்கும் சத்தம் ஒரு கதவு மூடுவது போலக் கேட்கும். மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன்.

ராணுவத்தில் கேமராவை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ள முடியாது. கமாண்டிங் ஆபீசருக்கு மனுப் போட வேண்டும். கேமராவின் நம்பர், லென்சின் நம்பர் இரண்டையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். துப்பாக்கிகள் வைக்கும் அறையில் என் பெயர்ச் சீட்டோடு அது இருக்கும். லீவில் போகும்போது கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிறேன் என்று சொல்லி, அந்த அறையில் போய் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இன்னாடா, பொண்டாட்டியப் பாக்கப் போறியா?" என்று கன்னியப்பன் கிண்டல் செய்வான்.

அந்த டாக்டர் கேப்டன் தமிழர்தான். கொடுக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். "ஃபிளாஷ் போட்டா முப்பது. மறக்காதே. வேகத்தை முப்பதுல வை. அதுக்கு மேல போனா பாதிதான் விழும்." ஏன் என்றும் விளக்கினார். கேமராவுக்குள் இரண்டு துணித் திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. ஒன்று திறந்துகொண்டு போகும், மற்றது பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். முப்பதில், அதாவது நொடியில் முப்பதில் ஒரு பங்கு வேகத்தில், வைத்தால் முதல் திரை முழுக்கத் திறந்த பிறகுதான் இரண்டாவது கிளம்பும். அறுபதில் வைத்தால் முதல் திரை முடிக்கும்போதே இரண்டாவது பாதி தூரம் வந்திருக்கும். ஃபிளாஷ் மின்னுவது அந்த நொடியில். மூடிய பாதியில் ஃபிலிமுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

மறக்கக் கூடாது என்று வேக வளையத்தில் முப்பது என்ற எண்ணுக்கு மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தார். எனக்கோ அது அசிங்கமாகத் தெரிந்தது. புதுக் கேமரா மாதிரி இருக்க வேண்டாமா? ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அந்தப் பொட்டைத் துடைத்து எடுத்தேன். பளபளவென்று வந்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த லீவு எனக்கும் கன்னியப்பனுக்கும் ஒன்றாகக் கிடைத்தது. அவனுக்குக் கல்யாணம். ஏரிக்கு அக்கரையில் இருந்த ஒரு குப்பத்துப் பெண், பெயர் தேசம்மா. அஞ்சாவது வரை படித்தவள், எழுதத் தெரிந்தவள் என்று அவன் ரயிலில் நாலு தடவையாவது சொல்லியிருப்பான்.

இங்கே நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அவன் அண்ணன் பொன்னேரியிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரரை ஏற்பாடு செய்திருந்தார். நான் போய், "அவரு எதுக்குண்ணே? அவர் வெச்சிருக்கறது பழைய பொட்டி. எங்கிட்ட ரஷ்யா கேமரா கீது" என்று சொன்னேன். அண்ணன் தயங்கினார். கன்னியப்பன்தான், "காதரு எடுக்கட்டும் வுடு. அவன் படம் எடுத்தா பத்திரிகைல வர்ற மாதிரி இருக்கும்" என்று பேச்சை முடித்தான். பொன்னேரிக்காரர் வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண்ணைப் படகில் அழைத்து வந்தார்கள். பாய் விரித்த படகு, நடுவில் தேசம்மா, சுற்றிலும் பெண்கள், சீர்த் தட்டுகள். நான் முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்தேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. நூற்றிருபத்தைந்தில் இருந்த வேகத்தை அறுபதுக்கு இறக்கினேன். அவள் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக் கரையைப் பார்க்கிற படம் ஒன்று உண்டு. நான் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் அதுவும் ஒன்று. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் முகூர்த்தம். பந்தலுக்குள் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரண்டுதான். ஃபிளாஷை மாட்டினேன். பேட்டரி பார்த்தேன், தூரம் பார்த்தேன், லென்சைத் துடைத்தேன். வேக வளையத்தை மட்டும் பார்க்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் வைத்த அறுபதிலேயே அது இருந்தது. ஒவ்வொரு முறை ஃபிளாஷ் அடிக்கும்போதும் கூட்டம் 'ஓ'வென்று வாய் பிளந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலை மாற்றியது, தாலி கட்டியது, கடைசியாகச் சுண்டு விரலைக் கோத்துக்கொண்டு இருவரும் நின்றது. அந்தக் கடைசிப் படத்தை மட்டும் கவனமாக எடுத்தேன். காரணம், ஆபீசுக்கு அது வேண்டும்.

அதையும் சொல்ல வேண்டும். சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால் அது ஆபீசில் ஆணையாக வெளியாக வேண்டும். அதை பார்ட் டூ ஆர்டர் என்போம். அது வெளியானால்தான் அரசாங்கத்தின் கண்ணுக்கு அவனுக்குப் பெண்டாட்டி உண்டு. இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ஹெட் கிளார்க் சாப், ஊர்ப் பெரியவர் சான்றோடு கணவன் மனைவி சேர்ந்து நிற்கும் படமும் இருந்தால்தான் அந்தக் காகிதத்தை மேலே அனுப்புவார். முன்பு ஒருமுறை இறந்துபோன ஒருவனுக்கு இரண்டு பெண்கள் ஆளுக்கொரு சான்றோடு வந்து நின்றார்களாம். அன்றிலிருந்து படம் இல்லாமல் காகிதம் நகராது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவனே நான்தான்.

நாலு நாள் கழித்துப் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிமைக் கொடுத்துவிட்டு அங்கேயே காத்திருந்தேன். கழுவியவர் ஈர ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். "என்ன சார், ஃபிளாஷ் போடும்போது எந்த ஸ்பீடுல வெச்சீங்க?" என்றார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாங்கிப் பார்த்தேன். படகுப் படங்கள் எல்லாம் அருமையாக இருந்தன. அதற்கப்புறம் வந்த ஒவ்வொன்றிலும் பாதி, ஒன்றுமே எழுதாத கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. அச்சுப் போட்டால் அந்தப் பாதி கரிக்கட்டையாக வரும். எல்லாப் படத்திலும் கன்னியப்பன் இருந்தான். மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு இருந்தான். தாலி கட்டுகிற படத்தில் அவன் இரண்டு கைகளும் நீண்டு போய் மணிக்கட்டோடு காணாமல் போயின. ஒரு படத்தில்கூட தேசம்மா இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம், எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்தேன். திருப்பாலைவனம் தாண்டும்போது, சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பொன்னேரிக்காரரை வேண்டாம் என்று சொன்னவன் நான். ஊர் முழுக்கப் பார்க்க உதார் விட்டவன் நான். இப்போது போய், ஃபிளாஷ் எடுக்கத் தெரியவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கன்னியப்பன் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "இன்னாடா ஆச்சி? எப்டி வந்துகீது?"

"கூட்டமா கீது அங்க. நாள் ஆவுமாம். நமக்கு நேரா தபால்ல அனுப்பிடுவாங்க" என்றேன்.

நெகட்டிவ் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. அவன் நம்பினான். என்னை நம்புவதற்கு அவனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அதற்குப் பிறகும் நாங்கள் இருபத்திரண்டு நாள் ஊரில் இருந்தோம். இரண்டு முறை அவன் வீட்டில் சாப்பிட்டேன். தேசம்மா இறால் தொக்கு செய்து போட்டாள். கேமரா என் வீட்டில், ஒரு ஃபிலிம் ரோல் பாக்கியோடு இருந்தது.

திரும்பிப் போகிற ரயிலில்தான், ஸ்டுடியோவில் ஃபிலிமைக் கெடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது என்று சொன்னேன். அவன், "பேஜாராயிடுச்சே. சரி போனா போவுது. அடுத்த லீவுல நீயே எடுத்துடு. நீ இன்னா பண்ணுவ பாவம்" என்று என் முதுகில் தட்டினான். அந்தத் தட்டலை நான் வாங்கிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட ஆள் நான், பாருங்கள்.

ஹெட் கிளார்க்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சுபேதார், தெலுங்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து ரெட்டி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். தமிழ் காதுக்குப் புரியும், கண்ணுக்குத் தெரியாது; எழுத்துப் படித்ததில்லை. எந்தக் காகிதமானாலும் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, உதடு அசையாமல் படிப்பார். குண்டூசிகளை மேஜையில் ஒரே பக்கம் தலை வைத்து அடுக்குவார். பிரியமாக இருந்தால் எங்களை 'நைனா' என்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். 'நீங்க', 'உட்காருங்க' என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எங்களில் ஒருவன் தொலைந்தான்.

கன்னியப்பன் ஊர்ச் சான்றை நீட்டியபோது, "போட்டோ ஏது நைனா?" என்றார். கெட்டுப்போனதைச் சொன்னான். "அடுத்த லீவுல எடுத்தாந்துடறேன் சாப்." அவர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, நிலுவைத் தட்டில் வைத்தார். அந்தத் தட்டு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏழு மாதம் தினமும் அதைத் துடைத்து வைத்தேன்.

எட்டாவது மாதம், மலைக்கு மேலே மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வந்தது. மிதவைப் பாலத்தின் நங்கூரக் கயிறு ஒன்று அறுந்தது. மறுபடி கட்டப் படகில் போன மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். கன்னியப்பனை மறுநாள் காலை கீழ்க்கரையில் கண்டெடுத்தார்கள். அங்கேயே எரித்தோம். கொள்ளி வைக்க அவன் உறவு யாருமில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், நான் வைத்தேன். நான் முஸ்லிம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அழக்கூட வரவில்லை. சரியாகச் சொல்வதென்றால், அழ எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

இறந்தவனின் பெட்டியைத் திறந்து, பொருள்களைப் பட்டியலிட்டு, வீட்டுக்கு அனுப்ப ஒரு குழு உட்காரும். ஒரு கேப்டன், ஹெட் கிளார்க், எழுதுவதற்கு நான். கேப்டன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார், நான் எழுதுவேன். சட்டை இரண்டு. கம்பளி ஒன்று. சவரக் கத்தி ஒன்று. வலை பின்னும் மர ஊசி ஒன்று. அதை என்னவென்று எழுதுவது எனக் கேப்டன் கேட்டார், சொன்னேன். அடியில் கடிதங்கள் நான்கு. கேப்டன் வடக்கத்திக்காரர். "இதில் கடன், சொத்து என்று ஏதாவது இருக்கிறதா, படித்துச் சொல்" என்றார். கடிதங்களைப் படிக்க வேண்டியது விதி. தமிழ் படிக்கத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

முதல் கடிதத்தை உரக்கப் படித்தேன். "நலம். நீங்கள் நலமா. கல்யாணப் படம் வந்ததா. காதர் பாயிடம் கேட்டு அனுப்பவும். எங்கம்மாவுக்கும் ஒன்று வேண்டும்."

இரண்டாவது. "ஸ்டுடியோவில் படம் கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். காதர் பாய் நல்லவர், அவரைத் திட்ட வேண்டாம்."

மூன்றாவது. "படம் போனால் போகட்டும். எனக்கு மூன்று மாதம். ஆபீசில் என் பேரை எழுதச் சொல்லி பாயிடம் கேட்கவும்."

நான்காவதை என்னால் படிக்க முடியவில்லை. ஹெட் கிளார்க் குண்டூசியை அடுக்குவதை நிறுத்திவிட்டார். அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

"எந்தப் போட்டோ நைனா அது?" என்றார்.

"கல்யாணத்துல எடுத்தது சாப்."

"ஸ்டுடியோவுல கெடுத்துட்டாங்கனு கன்னியப்பன் சொன்னானே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்க யாருமில்லை. சொன்னவன் சாம்பலாகிவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 'ஆமாம்' என் தொண்டை வரை வந்தது. மேஜைமேல் இருந்த அந்த வலை ஊசியைப் பார்த்துக்கொண்டே, "இல்ல சாப். நான்தான் கெடுத்தேன். நெகட்டிவ் என் பெட்டியில இருக்கு" என்றேன்.

ஹெட் கிளார்க் எழுந்ததும் நானும் எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த முக்காலியை அவர் எடுத்துவிட்டுத் தன் நாற்காலியைக் காட்டினார். "நீங்க இங்க உட்காருங்க" என்றார். "போய் அதைக் கொண்டாங்க. வெட்டாம கொண்டாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டுடியோவிலேயே ஆறு ஆறு படமாக நறுக்கிக் கொடுத்திருந்த துண்டுகள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாலிப் படத்தில் நெடுநேரம் நின்றார். "மாப்பிள்ளை கல்யாணம் பண்ணிக்கிறார். யாரைனு தெரியல" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு ஒரு துண்டைத் தனியாக எடுத்து, ஓரத்தில் இருந்த சின்ன எண்களை உருப்பெருக்கியால் படித்தார். பதினேழு, பதினெட்டு, படகில் தேசம்மா. பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை, பந்தலில் கன்னியப்பன். ஒரே துண்டில், ஒன்றையடுத்து ஒன்றாக. பெண் வந்து இறங்கியதும் கல்யாணம் நடந்ததும் ஒரே ஃபிலிமில் இடைவெளியில்லாமல் பதிவாகியிருந்தன. "இந்தத் துண்டை நறுக்கினா ஒண்ணுமில்ல. நறுக்காம இருந்தா கொஞ்சம் சாட்சி" என்றார்.

பிறகு என்னிடம் வெள்ளைத் தாளை நீட்டினார். நான் கல்யாணத்தில் இருந்தது, படம் எடுத்தது, தவறு எப்படி நடந்தது, எல்லாம் இங்கிலீஷில் எழுதினேன். வாக்குமூலம் ஒரு பக்கம் வந்தது. அடிக்கோலை வைத்துப் படித்தவர், ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"எந்தத் தேதில தெரிஞ்சுது உங்களுக்கு?"

சொன்னேன்.

"அதை எழுதுங்க. தெரிஞ்சும் மறைச்சேன்னு எழுதுங்க."

"சாப், அது இந்தக் கேசுக்குத் தேவையில்லையே..."

"அது இல்லாம இதை யார் நம்புவாங்க? ஏழு மாசம் ஏன் வாயத் தொறக்கலனு மேல கேட்பாங்க. எழுதுங்க." கொஞ்சம் பொறுத்து, "எழுதினா போதாது. அந்தப் பொண்ணு முன்னால நின்னு சொல்லணும். அதுக்கு லீவு நான் தரேன்" என்றார்.

எழுதினேன். அந்த வரிக்காகக் கமாண்டிங் ஆபீசர் முன்னால் நிறுத்தப்பட்டேன், கண்டனம் பதிவானது, பதவி உயர்வு ஒன்று தள்ளிப்போனது. அதெல்லாம் நியாயம். பத்து வருடம் கழித்து ராணுவத்தை விட்டு வந்து கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்தேன், ஆயிரக்கணக்கான படம் எடுத்தேன், ஒரு படம் கெட்டாலும் அன்றைக்கே போய்ச் சொன்னேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எனக்குப் பயம், அவ்வளவுதான்.

காகிதம் போய் வர நாளானது. பதிவு அலுவலகம் ஊர் விசாரணை கேட்டது, சாட்சி கேட்டது. முதலில் கன்னியப்பனுடைய அம்மாவின் பெயர்தான் வாரிசாக இருந்ததால், அந்த அம்மாளும் வந்து, "இவதான் எம் மருமவ. எம் புள்ள இவ கழுத்துலதான் கட்டுனான்" என்று கைநாட்டு வைத்தாள். கடைசியில் ஒப்புதல் வந்தது. விதவை ஓய்வூதியப் படிவத்தில் ஒட்ட தேசம்மாவின் படம் வேண்டும். ஹெட் கிளார்க் படிவத்தையும் லீவுச் சீட்டையும் ஒன்றாக என் கையில் கொடுத்தார். "கேமராவையும் எடுத்துப் போ நைனா" என்றார். பத்து மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என்னை நைனா என்றார்.

தோணிரேவுக்குப் போனபோது நடுப்பகல். தேசம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தூளியில் பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வா பாய்" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். ஸ்டுடியோ கெடுக்கவில்லை, நான் கெடுத்தேன், வேகத்தை மாற்ற மறந்தேன், தெரிந்தும் மறைத்தேன். நெகட்டிவிலிருந்து போட்ட இரண்டு படங்களைக் கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன்.

படகில் தான் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். சுண்டு விரல் கோத்து நின்ற படத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். கன்னியப்பன் இருந்தான். அவன் பக்கத்தில் கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் கட்டை விரலை வைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"இங்க நானு நின்னுனு இருந்தேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"வயித்தத் தள்ளிகினு ஒவ்வொரு ஆபீசா போனேன் பாய். எனக்குக் கல்யாணம் ஆச்சி, எனக்குக் கல்யாணம் ஆச்சின்னு சொல்லிகினு நின்னேன். ஒருத்தன் கேக்குறான், படம் எடுக்கலியா, யாரும் இல்லாம திருட்டுக் கல்யாணமான்னு. நானு உன் பேரச் சொன்னேன். காதர் பாய் எடுத்தாரு, ஸ்டுடியோல கெடுத்துட்டாங்கன்னு." குரல் உயரவில்லை. "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"கழுவின அன்னிக்கே."

"அது என்னிக்கி?"

"கல்யாணம் ஆகி நாலாம் நாள்."

அவள் வாய்க்குள் எண்ணினாள். கருவாட்டுச் செதில் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்து என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்பால இருவத்திரெண்டு நாளு அவரு இங்கதான இருந்தாரு பாய். அதுல ஒரு நாளு வந்து நீ சொல்லியிருந்தா, அதே பொடவையக் கட்டிகினு, ஒரு மாலைய வாங்கிப் போட்டுகினு, இதே வாசல்ல பக்கத்துல பக்கத்துல நின்னுருப்போம். உன்னப் பாத்து அவரு சிரிச்சிருப்பாரு. அவ்ளோதான் ஆயிருக்கும்."

தூளியில் குழந்தை முனகியது. அவள் போய் ஒரு கையால் ஆட்டிவிட்டு வந்து, சுவரோரமாக முக்காலியை இழுத்துப் போட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கேமராவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"எடு" என்றாள். "எடுத்துட்டு, நல்லா வந்துச்சா இல்லியான்னு நாளைக்கே வந்து சொல்லு."